யோம் ஐயாவுக்கென்று ஒரு மடற்குழு

ஜின்ஜு
மார்ச் 9
தலைப்பு: குழு நடைமுறைகள் பற்றிப் பணிவான ஒரு நினைவூட்டல்

பெருமதிப்பிற்குரிய யோம் தே-சிக் ஐயா அவர்களுக்கு,

பழங்காலக் கூரை ஓடுகளை ஆராய்வோரின் மின்மடற்குழுவை நடத்தும் பாங் இன்-சோக் எழுதுகிறேன். இங்கே பனி உருகிவிட்டது. கொங்ஜுவில் ஆற்றங்கரைக் காற்று இன்னும் குளிர்ந்துதான் இருக்கும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மடலைப் பல நாள் தள்ளிப்போட்டேன். தங்களுக்கு எதிரே உட்காரவே யோசிப்பவன், மடல் எழுதும் முறையைத் தங்களுக்குச் சொல்லிக்கொடுப்பதா என்று கூசுகிறது. ஆனாலும் குழுவில் சேருகிற எல்லோருக்கும் அனுப்பும் விதிகளில் சிலவற்றை மறுபடி தங்கள் பார்வைக்கு வைக்கிறேன்.

ஒரு கேள்வியை அனுப்புமுன், அது ஏற்கெனவே கேட்கப்பட்டதா என்று பழைய மடல்களின் சேமிப்பில் தேடிப் பார்ப்பது வழக்கம். சோங்நிம் கோயில் இடிபாட்டில் கிடைத்த தாமரை ஓட்டுக்கு ஜோடி ஓடு எங்காவது உண்டா என்ற தங்கள் கேள்வி இந்தக் குளிர்காலம் முழுக்க வாராவாரம் வந்துகொண்டிருக்கிறது. கேள்வி பெரியதுதான், மறுக்கவில்லை. சொற்கள்கூட மாறாமல் வருகிறது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

முடிந்துபோன உரையாடலின் கீழே புதிய பதிலை ஒட்டாமலிருப்பது நல்லது. சூளைகள் பற்றிய பழைய உரையாடல் ஒன்றைத் திறந்து, ரியூ கப்-சு ஐயா ஏன் இன்னும் பதில் போடவில்லை என்று சென்ற மாதம் கேட்டிருந்தீர்கள். ரியூ ஐயா காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. குழுவில் அவருக்கு இரங்கல் எழுதியவரே தாங்கள்தான்.

கண்டித்துச் சொல்லவேண்டியதைத் தனிமடலில் சொல்லலாம். ஜெர்மனியில் படித்துத் திரும்பியிருக்கும் ஓக் சோ-ஜின், 'இந்தக் கேள்வி முன்பே வந்துவிட்டது, சேமிப்பில் பார்க்கவும்' என்று ஒரு வரி எழுதினார். மூத்தவரிடம் அப்படி எழுதியது சரியில்லைதான். ஆனால் தாங்கள் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த பதில் உறுப்பினர் அத்தனை பேருக்கும் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்த சொற்களை நான் இங்கே திரும்ப எழுதவில்லை.

ஆகவே இனிச் சில காலம் தங்கள் மடல்கள் என் பார்வைக்கு வந்தபின் குழுவுக்குப் போகும். பொறுத்தருள வேண்டுகிறேன்.

பணிவுடன்,
பாங் இன்-சோக்

*

கொங்ஜு
மார்ச் 11
தலைப்பு: (இல்லை)

பாங் ஆசிரியருக்கு,

நீங்கள் எழுதியதை அவர் படிக்கவில்லை, நான் படித்தேன். நான் பியோ மியங்-ஜா, அவர் மனைவி. கொஞ்ச நாளாக அவருக்கு வருகிற மடல்களை முதலில் பார்ப்பது நான்தான். உங்களுடையதை அவர் கண்ணில் படாமல் எடுத்துவைத்துவிட்டேன்.

அவருக்கு மறதி நோய். தேஜோனில் மருத்துவர் படமெடுத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மருந்துக்கடை நடத்தியே தலை நரைத்தவள் நான். அந்த மாத்திரை என்ன செய்யும், என்ன செய்யாது என்று எனக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

உங்கள் விதிகள் எல்லாம் நியாயம்தான். ஆனால் என் மனதில் உள்ளதை எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. நோய் என்று தெரிந்த பிறகு உங்கள் குழுவின் மடல்களை முதலிலிருந்து உட்கார்ந்து படித்தேன். எனக்கு ஓடும் தெரியாது, தாமரையும் தெரியாது. மனுஷர் எழுதுவது தெரியுமல்லவா? அவர் அந்த ஓட்டுக் கேள்வியைப் போன வருஷத்துக்கு முந்தின வருஷமே திரும்பக் கேட்க ஆரம்பித்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர், 'ஐயாவின் ஆழ்ந்த கேள்விக்கு நன்றி, நாங்களும் தேடுகிறோம்' என்று பதில் போட்டிருக்கிறார். அதே ஆள் அடுத்த மாதமும் அதே நன்றியைச் சொல்லியிருக்கிறார். நீங்களும் சொல்லியிருக்கிறீர்கள்.

ஒரே ஆள் ஒரே மருந்துக்குத் திரும்பத் திரும்ப வந்து நின்றால் என் கடையில் வேலை பார்த்த பெண்பிள்ளைகூடக் கவனித்துவிடும். இத்தனை படித்தவர்கள் கூடியிருந்து எல்லோரும் பார்த்துக்கொண்டு நன்றி சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். வீட்டில் அவர் நன்றாகத்தான் பேசினார், சிரித்தார், வரிக்கணக்கில் தப்பு வந்தால் கண்டுபிடித்தார். ஓடு ஒன்றில்தான் முதலில் தடுமாறியிருக்கிறார். அது நடந்தது உங்கள் கண் முன்னால், என் கண் முன்னால் அல்ல. யாராவது ஒருவர் எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்போதே கூட்டிக்கொண்டு போயிருப்பேன்.

அந்த ஓக் பெண் ஒருத்திதான் உள்ளதைச் சொன்னாள். அதைப் படித்து அவர் ஆத்திரத்தோடு தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் என்ன விஷயம் என்று நான் கேட்டேன், மருத்துவரிடம் கூட்டிப்போனதும் அதன் பிறகுதான். அவளிடம் என் சார்பில் மன்னிப்புக் கேளுங்கள். முடிந்தால் நன்றியும் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. அவரை நீக்கிவிடாதீர்கள். காலையில் எழுந்ததும் முகம் மழித்துச் சட்டை மாற்றிக்கொண்டு அந்தக் கணினிப் பெட்டியின் முன்னால்தான் போய் உட்காருகிறார். "குழுவுலேர்ந்து ஏதாவது வந்திருக்கா?" என்பதுதான் அன்றைக்கு முதல் பேச்சு. சாப்பிட்டதை மறந்துவிடுகிறார், கடவுச்சொல்லை மறக்கவில்லை. அது போனால் அவர் எதற்காக எழுந்திருப்பார் என்று எனக்குத் தெரியவில்லை.

பியோ மியங்-ஜா

*

ஜின்ஜு
மார்ச் 15
தலைப்பு: தங்கள் மடல் கிடைத்தது

ஐயாவின் துணைவியார், மதிப்பிற்குரிய ஆசிரியரம்மாவுக்கு,

தங்கள் மடலைப் படித்துவிட்டு அன்று வகுப்பெடுக்கப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

தாங்கள் சொன்னதற்கு மறுப்புச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஐயா திரும்பத் திரும்ப எழுதுவதைப் பற்றி எனக்குத் தனிமடல்கள் வந்துகொண்டுதான் இருந்தன. 'பெரியவருக்கு ஏதோ ஆகிவிட்டது, நீங்கள் பக்குவமாகச் சொல்லக்கூடாதா?' என்று கேட்பார்கள். நீங்களே சொல்லலாமே என்றால், 'நான் எப்படிங்க, அவர் என் ஆசிரியருக்கே மூத்தவர்' என்று பதில் வரும். அப்படிக் கேட்ட அதே ஆள் மறுநாள் குழுவில் ஐயாவுக்கு நன்றி எழுதுவார். எங்கள் குழு எப்படியென்றால், மூத்தவர் பேசும்வரை மற்றவர் வாயைத் திறப்பதில்லை. அவர் பேசிவிட்டால் நன்றி சொல்வதோடு சரி. ரியூ ஐயாவை விட்டால், ஐயாவை எதிர்த்துக் குழுவில் எழுதியது முன்பு நான் ஒருவன்தான், ஓடு செய்யும் மர அச்சுகள் விஷயத்தில். அதற்கு அவர் என்னை வெளுத்து வாங்கிய பிறகு நானும் எழுதுவதை விட்டுவிட்டேன்.

இப்போது நிலைமை என் கையில் மட்டும் இல்லை. குழுவுக்கு மேற்பார்வையாளர்கள் இருக்கிறார்கள். சோ-ஜினை அவமதித்ததற்காக ஐயாவின் பெயரை நீக்கவேண்டும் என்று அவர்கள் முடிவெடுத்திருக்கிறார்கள். அதை ஐயாவுக்கு யார் தெரிவிப்பது என்று வந்தபோது மட்டும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெயரை நீக்காமல், அவர் எழுதுவதை வெளியே விடாமல் என்னிடமே நிறுத்திவைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். மற்றவர்கள் எழுதுவது அவருக்கு எப்போதும்போல வரும்.

சோ-ஜினிடம் தாங்கள் சொன்ன இரண்டையும் சொன்னேன். அழுதார் என்று நினைக்கிறேன், தொலைபேசியில் சரியாகத் தெரியவில்லை.

ஒரு சின்ன வேண்டுகோள். தலைப்பு இல்லாமல் வந்ததால் தங்கள் மடல் குப்பைப் பெட்டிக்குள் போய்க் கிடந்தது. தற்செயலாகப் பார்த்தேன். தலைப்பில் ஏதாவது ஒன்று போட்டு அனுப்புங்கள்.

பாங் இன்-சோக்

*

கொங்ஜு
ஏப்ரல் 2
தலைப்பு: தலைப்பு போடச் சொன்னீர்கள்

பாங் தம்பிக்கு,

தம்பி என்றே எழுதுகிறேன். ஆசிரியர், ஆசிரியரம்மா என்று எழுதினால் உங்களுக்கும் எனக்கும் நடுவில் மேசை போட்டதுபோல் இருக்கிறது.

நீங்கள் செய்தது நல்ல எண்ணத்தில்தான், ஆனால் வேறு விதமாக முடிந்துவிட்டது. குழுவுக்கு அனுப்பினால் அனுப்பியவருக்கும் நகலாக ஒரு படி திரும்பி வருமாமே. அது எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். அந்தப் படி வரவில்லை என்றதும், 'போகலையோ' என்று மறுபடி அனுப்புகிறார். அதுவும் வராது. மறுபடி அனுப்புகிறார். சாப்பிடக் கூப்பிட்டால், "இரு, இது போய்ச் சேரட்டும்" என்கிறார். சோறு ஆறிக் குளிர்ந்துபோகிறது.

நேற்று நான் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பினால் ஆளைக் காணவில்லை. பக்கத்து வீட்டு ஹியோன் தம்பதியும் நானும் ஆளுக்கொரு பக்கம் தேடினோம். பேருந்து நிலையத்தில் ஜின்ஜுவுக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நல்ல கோட்டுப் போட்டிருந்தார், காலில் வீட்டுச் செருப்பு. மடியில் அந்தத் தாமரை ஓட்டைக் காகிதத்தில் மை ஒற்றி எடுத்த படம். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். "குழுவை நடத்தறவன், பாங்னு ஒருத்தன் இருக்கான், என் மடலையெல்லாம் பிடிச்சு வச்சுக்கிட்டான். நேர்ல போய்க் கேக்கப்போறேன். நான் என்ன தப்பா எழுதிட்டேன், சொல்லு" என்றார். ஓட்டுநர், சீட்டுக் கிழிப்பவர், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் தம்பி. நீங்கள் தப்பாக எதுவும் எழுதவில்லை என்று சொல்லிக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன்.

உங்களுக்கு அந்த இயந்திரத்தின் சங்கதி எல்லாம் தெரியும். அவர் எழுதுவது அவர் கண்ணுக்கு மட்டும் போய்ச் சேர்ந்ததுபோல் தெரிய ஒரு வழியும் கிடையாதா? ஏமாற்றுவதுதான். எனக்குத் தெரியாமல் இல்லை. மாத்திரையைக் கஞ்சியில் பொடித்துக் கலந்து கொடுக்கிறேன், அதுவும் ஏமாற்றுவதுதான்.

மியங்-ஜா

*

ஜின்ஜு
ஏப்ரல் 8
தலைப்பு: புதிய ஏற்பாடு

ஆசிரியரம்மாவுக்கு,

வழி இருக்கிறது. செய்துவிட்டேன். செய்து முடித்த பிறகும் சரியா தப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை.

புதிதாக ஒரு குழு தொடங்கியிருக்கிறேன். பெயர் பழைய குழுவின் பெயரேதான், தலைப்பின் முன்னால் வரும் அடையாளமும் அதேதான். உறுப்பினர்கள் ஐயா, தாங்கள், நான், வேறு யாரும் இல்லை. ஐயா அனுப்புவது இனி இங்கேதான் வரும், அவருக்கும் உடனே ஒரு படி திரும்பிப் போகும். உண்மையான குழுவின் மடல்கள் அவருக்கு வருவதை நிறுத்திவிட்டேன். இரண்டும் வந்தால் கண்டுபிடித்துவிடுவார்.

தினமும் படிக்க ஏதாவது வேண்டுமல்லவா? சேமிப்பிலிருந்து பழைய மடல்களை எடுத்துத் தேதியை நீக்கி அனுப்புகிறேன். யார் பெயரிலும் நானாக எதையும் எழுதமாட்டேன். அவரவர் உண்மையில் எழுதியது மட்டும்தான் போகும். ஐயாவின் ஓட்டுக் கேள்விக்கு ரியூ ஐயா உயிரோடு இருந்தபோது நீளமான பதில்கள் எழுதியிருக்கிறார். அவற்றையும் அனுப்பலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அவர் எழுதியதுதானே என்று அனுப்பிவிட்டேன்.

சண்டை வரும் இடங்களை மட்டும் வெட்டிவிடுகிறேன். ரியூ ஐயாவும் யோம் ஐயாவும் ஒருவரையொருவர் என்னென்ன சொல்லியிருக்கிறார்கள் என்று தங்களுக்குத் தெரியாது. படித்தால் ரத்தம் கொதிக்கும். இப்போது அவருக்கு அது வேண்டாமே என்று நினைத்தேன்.

ஐயா எழுதும் புதிய மடல்களுக்கு என் பெயரில் நானே பதில் போடுகிறேன்.

பாங் இன்-சோக்

*

கொங்ஜு
ஜூலை 19
தலைப்பு: மழை

தம்பிக்கு,

இங்கே மழை விட்டபாடில்லை. துணி காயவில்லை, சுவரெல்லாம் ஈரம். ஆனால் வீட்டுக்குள் அமைதியாக இருக்கிறது. அதற்கு உங்களுக்குத்தான் நன்றி சொல்லவேண்டும்.

வேளாவேளைக்குச் சாப்பிடுகிறார். சோளம் அவித்துக் கொடுத்தால் கடித்துக்கொண்டே படிக்கிறார். ரியூவின் மடல் வந்த அன்றைக்கு என்னைச் சமையலறையிலிருந்து கூப்பிட்டு, "பாத்தியா, ரியூ கிழவன் திருந்திட்டான். இப்பல்லாம் மரியாதையாப் பேசறான்" என்று சிரித்தார். செத்துப்போனவர் எழுதியதைப் படித்துக் கணவர் சிரிக்கிறார், நானும் பக்கத்தில் நின்று சிரிக்கிறேன். அப்புறம் உள்ளே போய் வெங்காயம் நறுக்கினேன், நல்ல வேளையாக வெங்காயம் இருந்தது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். சென்ற வாரம் அவர் ஏதோ தப்பாக எழுதியிருக்கிறார். அவரே பிறகு என்னிடம் சொன்னார், ராஜா பெயரை மாற்றி எழுதிவிட்டேன் என்று. நீங்கள் அதற்கும் 'அருமை ஐயா, மிக்க நன்றி' என்று பதில் போட்டிருந்தீர்கள். மனுஷர் வெகு நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த நாள் குழுவுக்கு எதுவும் எழுதவில்லை.

நோய் முற்றுகிறதா, மனசு சரியில்லையா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. சில நாள் சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாமல் நிற்கிறார். சில நாள் பழைய ஆளாகவே இருந்து என் சமையலைக் குறை சொல்கிறார். குறை சொல்லும் நாள் எனக்குத் திருவிழா மாதிரி.

மியங்-ஜா

*

ஜின்ஜு
அக்டோபர் 6
தலைப்பு: ஜோடி ஓடு கிடைத்துவிட்டது

ஆசிரியரம்மாவுக்கு,

தலைப்பிலேயே சொல்லிவிட்டேன். ஐயா தேடிக்கொண்டிருந்த ஜோடி ஓடு கிடைத்துவிட்டது. கண்டுபிடித்தவர் ஓக் சோ-ஜின்.

தங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். தாமரை ஓட்டை ஒரு மர அச்சில் களிமண்ணை அழுத்தி எடுப்பார்கள். அச்சில் விரிசல் விழுந்தால் ஓட்டில் அது மேடான கோடாகத் தெரியும். அச்சு பழையதாக ஆக ஆகக் கோடு நீளும். சோங்நிம் ஓட்டில் கோடு இதழைத் தாண்டி விளிம்புவரை ஓடுகிறது. அதே கோடு குட்டையாக இருக்கும் ஓடு வேறு ஊரில் கிடைத்தால், அச்சு முதலில் அந்த ஊரில் இருந்து பிறகு சோங்நிம் வந்தது என்று ஆகும். ஐயா வாழ்நாளெல்லாம் சொன்னது அதுதான். தெற்கே ஒரு சிறிய அருங்காட்சியகத்தின் கிடங்கில், பெயர்ச்சீட்டு இல்லாத பெட்டியில் சோ-ஜின் அந்த ஓட்டைப் பார்த்திருக்கிறார். 'யோம் ஐயா இதை இத்தனை முறை கேட்டிருக்காவிட்டால் நான் அந்த இதழைக் கவனித்தே இருக்கமாட்டேன்' என்று குழுவில் எழுதியிருக்கிறார்.

இப்போது சங்கடத்தையும் சொல்லவேண்டும். அந்த மடலுக்குக் குழுவில் ஒருவரும் பதில் போடவில்லை. ஒரு வாரமாகப் பேச்சு மூச்சு இல்லை. எனக்குத் தனிமடலில் மட்டும் கேட்கிறார்கள், 'யோம் ஐயா என்ன சொல்கிறார்? அவர் பேசாமல் நாங்கள் எப்படிப் பேசுவது?' என்று. அவர் பேசமுடியாதபடி கதவை அடைத்தவன் நான் என்று அவர்களுக்குத் தெரியாது. சோ-ஜின் தன்மீது ஐயாவுக்கு இன்னும் கோபம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். இந்த வருஷம் குழுவுக்கு வந்ததிலேயே பெரிய செய்தி, அநாதையாகக் கிடக்கிறது.

சோ-ஜினின் மடலையும் படங்களையும் நம் சின்னக் குழுவுக்கு அனுப்பியிருக்கிறேன். ஐயாவிடம் காட்டுங்கள். நல்ல நாளாகப் பார்த்துக் காட்டுங்கள். அவர் ஒரு வரி எழுதினால் போதும். அதை மட்டும் உண்மையான குழுவுக்கு என் பொறுப்பில் அனுப்பிவிடுகிறேன். மேற்பார்வையாளர்கள் என்ன சொன்னாலும் சரி.

இன்-சோக்

*

கொங்ஜு
அக்டோபர் 14
தலைப்பு: நம்பவில்லை

தம்பிக்கு,

நல்ல நாளாகப் பார்த்துத்தான் காட்டினேன். காலையில் என் குழம்பில் உப்பு அதிகம் என்று சொன்னார், அதனால் தைரியமாகக் காட்டினேன்.

படத்தைப் பெரிதாக்கி வெகு நேரம் பார்த்தார். இதழ்களை விரலால் எண்ணினார். தன்னிடமிருந்த மை ஒற்றிய படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். இதோ எழுதப்போகிறார் என்று நாற்காலியை இழுத்துக் கொடுத்தேன். உட்காரவில்லை. பெட்டியை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"உங்க ஓடுதானே, கிடைச்சிடுச்சே" என்றேன்.

"இது கிடைச்ச ஓடு இல்லை. எனக்காகச் செஞ்ச ஓடு" என்றார்.

யார் செய்வார்கள் என்று கேட்டேன். அப்போது சொன்னார் தம்பி, ஒரு வார்த்தை தடுமாறாமல் சொன்னார்: "இந்தக் குழுவுல முன்னல்லாம் வாயத் தொறந்தா சண்டை. ரியூ என்னைக் கழுதைன்னு எழுதியிருக்கான். இப்ப நான் ராஜா பேரையே மாத்தி எழுதறேன், அருமைங்கறாங்க. நேத்துச் சொன்னதையே இன்னைக்குச் சொன்னாலும் நன்றிங்கறாங்க. எனக்கு என்னவோ ஆயிடுச்சு, அது அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. எல்லாத்துக்கும் ஆமா போடறவங்க கொண்டாந்த ஓட்ட நான் எப்படி நம்பறது? நீயே சொல்லு."

இதற்குப் பதில் உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

எத்தனை வருஷமாகத் தேடிய பொருள் வீட்டுக்குள் வந்து நிற்கிறது, அவரால் அதை எடுத்துக்கொள்ள முடியவில்லை. நாம் பார்த்துப் பார்த்துப் போட்ட மெத்தைதான் அவரைத் தடுக்கிறது. உங்களைக் குறை சொல்லவில்லை. கேட்டவள் நான்.

ஆனால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. அவரோடு சண்டை போடுங்கள். நிஜமாகப் போடுங்கள். முன்பு எதிர்த்து எழுதினீர்களே, அப்படி எழுதுங்கள். ஒருவன் எழுந்து நின்று இல்லை என்று சொன்னால்தான், ஓடு இருக்கிறது என்று அவர் நம்புவார். சீக்கிரம் எழுதுங்கள். நல்ல நாட்கள் குறைந்துகொண்டு வருகின்றன.

மியங்-ஜா

*

ஜின்ஜு
நவம்பர் 21
தலைப்பு: சண்டை

ஆசிரியரம்மாவுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். எழுதுவதும் அழிப்பதுமாக இத்தனை நாள் போய்விட்டது. முதல் வரி காரமாக வரும், அடுத்த வரியில் 'பணிவுடன்' என்று வந்து நின்றுவிடும். நோயில் கிடக்கும் மனிதரைத் திட்ட மனசு வராமல் பலமுறை எழுந்து போய்விட்டேன்.

நடுவில் இன்னொன்றும் செய்தேன். உண்மையான குழுவில், யோம் ஐயா உடல்நலமின்றி இருக்கிறார், அவர் முதலில் பேசவேண்டும் என்று யாரும் காத்திருக்கவேண்டாம் என்று எழுதிவிட்டேன். அவ்வளவுதான், மடை திறந்ததுபோல் ஆகிவிட்டது. அச்சு எந்த ஊரில் பிறந்தது என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொள்கிறார்கள். சோ-ஜின் ஐயாவின் பக்கம் நின்று ஒவ்வொருவருக்கும் பதில் சொல்கிறார். ஐயாவைக் கொண்டாடுகிறவர்களும் இருக்கிறார்கள், கிழித்துப்போடுகிறவர்களும் இருக்கிறார்கள். ரியூ ஐயா போன பிறகு குழு இப்படி உயிரோடு இருந்து நான் பார்த்ததில்லை. அவர் மட்டும்தான் அங்கே இல்லை. இனி அவரை உள்ளே விட்டால் பழையபடி ஆகிவிடும் என்று மேற்பார்வையாளர்கள் மறுத்துவிட்டார்கள். கெஞ்சிப் பார்த்தேன்.

இன்று காலை நம் சின்னக் குழுவுக்கு அனுப்பியதைக் கீழே தருகிறேன். அவர் படிக்குமுன் தாங்கள் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

'யோம் அவர்களுக்கு. ஒரே பாட்டை எத்தனை வருஷம் பாடுவீர்கள்? அந்த ஓட்டில் கோடு குட்டையாக இருந்தால் அதே அச்சு என்று ஆகிவிடுமா? பழைய ஓடு ஒன்றையே அழுத்திப் புது அச்சு எடுத்தால் கோடும் கூடவே வந்துவிடும். இது சூளையில் வேலை பார்க்கும் எவனுக்கும் தெரியும், உங்களுக்குத் தெரியாது. கேட்டதையே கேட்டுக் குழுவின் நேரத்தை வீணாக்கியது போதும். அளவெடுத்துக் காட்டுங்கள், இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். பாங்.'

அச்சு பற்றி எழுதியது பொய் இல்லை. உண்மையாகவே நான் அப்படித்தான் நினைக்கிறேன். அவர் எழுந்து வந்து என்னை அடித்து நொறுக்கவேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. அனுப்பிவிட்டுப் பொத்தானிலிருந்து கையை எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

இன்-சோக்

*

கொங்ஜு
டிசம்பர் 3
தலைப்பு: புகார்

தம்பிக்கு,

குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போட்டு முடித்தோம். ஹியோன் வீட்டம்மா உதவிக்கு வந்தாள். அவர் தொட்டியருகே உட்கார்ந்து முட்டைக்கோஸ் இலையை ஒவ்வொன்றாக எடுத்து என்னிடம் கொடுத்தார். அமைதியாகத்தான் இருந்தார். உங்கள் மடலை அதுவரை காட்டாமல் வைத்திருந்தேன். நல்ல நாள் வரட்டும் என்று காத்திருந்தேன், வரவில்லை. இனியும் காத்திருந்தால் ஆகாது என்று இன்று மத்தியானம் காட்டினேன்.

கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் என்னையே படிக்கச் சொன்னார். முதலிலிருந்து கடைசிவரை நிறுத்தி நிறுத்திப் படித்தேன். திட்டும் இடத்தில் சத்தமாகவே படித்தேன். அவர் முகம் சிவந்தது. சந்தோஷத்தில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வந்துவிட்டார் என்று நினைத்தேன். விசைப்பலகையை அவர் பக்கம் நகர்த்தினேன்.

அவர் அதைத் தொடவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "யாரும்மா அந்த யோம்?"

உங்களைத்தான், நீங்கள்தான் அது என்று சொன்னால் அந்த வசவெல்லாம் அவர்மேல் விழும். சொல்லாவிட்டால் யோம் என்று ஒருவர் இல்லாமலே போய்விடுவார். எது செய்தாலும் நான்தான் செய்ததாகும்.

யாரோ ஒரு பெரியவர் என்றேன்.

அப்போதிருந்து ஒரே வருத்தமாக இருக்கிறார். சாப்பிடவில்லை. குழுவை நடத்துகிறவருக்கு உடனே எழுதவேண்டும் என்று பிடிவாதம். தனக்கு எழுத வராது, நீ எழுது என்கிறார். பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், நான் தட்டுவதைப் பார்த்துக்கொண்டு. திரையில் உள்ளதை அவரால் இப்போது படிக்க முடிவதில்லை, அதனால் இதையெல்லாம் எழுதினேன். அவர் சொல்வதை இனி அப்படியே எழுதுகிறேன்:

"ஐயா, உங்க குழுவுல பாங்னு ஒருத்தர் ஒரு பெரியவரை இப்படிப் பேசியிருக்கார். நல்லா இல்லைங்க. வயசானவர் போல இருக்கு. ஏதோ மறதியில கேட்டதையே கேட்டிருப்பார். அதுக்கு நாலு பேர் முன்னாடி வச்சு இப்படியா திட்டறது? தனியாக் கூப்பிட்டு மெதுவாச் சொல்லக்கூடாதா? அந்த மனுஷனுக்கு வீட்ல பொண்டாட்டி இருப்பா. அவ இதப் படிச்சா என்ன நினைப்பா? அந்தப் பாங்கை மன்னிப்புக் கேக்கச் சொல்லுங்க."

அவ்வளவுதான் சொன்னார். பதில் வந்த பிறகுதான் சாப்பிடுவாராம். மன்னிப்புக் கேட்டு ஒரு வரி போடுங்கள் தம்பி. காத்துக்கொண்டிருக்கிறார்.

மியங்-ஜா